கேட்காமல் எடுத்துப்போன ரேசர்

பிப்ரவரி 9

மாப்பிள்ளைக்கு,

நீ செய்தது தப்பு. என் குளியலறை அலமாரியில் இருபத்தெட்டு வருடமாக இருந்த ரேசரை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உன் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறிவிட்டாய். அதன் இடத்தில் ஒரு புது ரேசரை வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். ஒன்றை வைத்துவிட்டு ஒன்றை எடுத்தால் அது எடுத்ததில்லை என்று ஆகிவிடாது.

போனில் பேசலாமே என்பாய். போனில் எனக்குப் பாதிதான் கேட்கிறது. கேட்காத பாதியை நீ உன் வசதிக்கு மாற்றிக்கொள்வாய். காகிதத்தில் இருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே வார்த்தைதான். அதனால் நீயும் எழுது.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதி வைக்கிறேன். என் வலது தோள் மார்புக்கு மேல் உயராது. முப்பத்தாறு வருடம் லிஃப்ட் குழிகளில் தலைக்கு மேல் கையைத் தூக்கி வேலை பார்த்ததற்கு அது வாங்கிக்கொண்ட ஓய்வு. இடது கையில் இரண்டு விரல் கிடையாது. ஒன்றரை வருடமாக உன் அக்காதான் எனக்குத் தினமும் ஷேவ் செய்துவிடுகிறாள். தாடி விட்டுவிடலாமே என்று எல்லோருக்கும் சுலபமாகச் சொல்ல வருகிறது. விட்டால் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு கட்டி கட்டியாக வரும். இரண்டு பிளேடு, ஐந்து பிளேடு வைத்த ரேசர்களும் அதையேதான் செய்தன. ஒற்றை பிளேடுதான் எனக்கு ஒத்துக்கொள்ளும் என்று தோல் டாக்டரே எழுதிக் கொடுத்தார். அவர் எழுதுவதற்கு நான்கு வருடம் முன்பே நான் கண்டுபிடித்துவிட்டேன் என்பது வேறு விஷயம்.

இப்போது உன் புது ரேசரின் லட்சணம். மூன்று நாள் ஒழுங்காக இருந்தது. நான்காம் நாள் தாடைக்குக் கீழே ஒரு அங்குல நீளத்துக்கு வெட்டிவிட்டது. பழைய ரேசர் இத்தனை காலத்தில் அப்படி வெட்டியதே இல்லை. உன் அக்கா ரொம்ப நேரம் துண்டை என் கழுத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றாள். "விடு, நின்னுடுச்சு" என்று சொன்ன பிறகும் விடவில்லை.

ரேசரைப் பதிவுத் தபாலில் அனுப்பு. பஞ்சு சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து அனுப்பு.

அத்தான்


பிப்ரவரி 16

அத்தானுக்கு வணக்கம்.

உங்கள் குற்றப்பத்திரிகை கிடைத்தது. என் மனைவியும் படித்தாள். "அத்தான் கோர்ட்ல குமாஸ்தாவா இருந்திருக்க வேண்டியவர்" என்றாள்.

எடுத்தேன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அத்தான், ஞாபகப்படுத்துவதற்கு மன்னிக்கவும், அந்த ரேசர் உங்கள் கைக்கு எப்படி வந்தது? ஏதோ ஒரு ஹோட்டலில் லிஃப்டைப் பழுது பார்க்க இறங்கியபோது குழியின் அடியில் கிடந்ததை எடுத்தீர்கள். யாருடையது என்று இன்றைக்கு வரை தெரியாது. அந்த ஆள் உங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தால் எத்தனை பக்கம் எழுதியிருப்பான்?

விளையாட்டை விடுகிறேன். பம்புத் தொழிற்சாலையில் எனக்கு வேலையே அளந்து பார்ப்பதுதான் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் ரேசரையும் அளந்தேன். தலையை மூடினால் பிளேடு இரண்டு மூலையிலும் ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். பிளேடை நிறுத்திப் பிடிக்கும் அந்தச் சின்ன முட்டுகளில் இடது பக்கத்து முட்டு தேய்ந்திருக்கிறது. இடது மூலையில் இடைவெளி 0.9 மில்லிமீட்டர், வலது மூலையில் 0.7. அதாவது பிளேடு கோணலாக உட்காருகிறது. இப்படி ஒரு பாகம் என் மேசைக்கு வந்தால் சிவப்புக் கோடு போட்டுக் குப்பைக் கூடைக்கு அனுப்பிவிடுவேன்.

புதியது முழு இரும்புக் கட்டியில் கடைந்து எடுத்தது, துருப்பிடிக்காதது. இரண்டு மூலையிலும் 0.65, முடியளவு வித்தியாசம் கிடையாது. கனம் அதிகம் என்பதால் அழுத்த வேண்டியதே இல்லை. அதன் போக்கில் விட்டால் போதும். கடைக்காரர் என்னிடம் சொன்ன வார்த்தை: "கண்ண மூடிக்கிட்டு ஷேவ் பண்ணலாம் சார்." அந்த வார்த்தைக்காகவே வாங்கினேன்.

வெட்டியது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. புது பிளேடு கூர்மை அதிகம், கை பழக வேண்டும் என்று நினைக்கிறேன். இன்னும் பத்து நாள் பாருங்கள்.

ஏன் கேட்காமல் எடுத்தேன் என்றால், கேட்டால் கொடுத்திருக்க மாட்டீர்கள். அது ஒன்றுதான் காரணமா என்று கேட்காதீர்கள். என் யோசனை என்றே இருக்கட்டும். பழையது என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.

அக்கா எப்படி இருக்கிறாள்? போனில் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்கிறாள். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்
சின்னவன்


பிப்ரவரி 26

மாப்பிள்ளைக்கு,

ரேசர் வரவில்லை. கடிதம் மட்டும் வந்தது. உன் கடிதத்தை வைத்து யாரும் ஷேவ் செய்துகொள்ள முடியாது.

முதலில் அந்த ஹோட்டல் விஷயம். குழியில் கிடந்ததை எடுத்து மேனேஜரிடம் கொடுத்தேன். மூன்று மாதம் அவர் மேசையில் இருந்தது. தங்கியவர்களுக்கெல்லாம் கேட்டு எழுதினார்கள். யாரும் வரவில்லை. பிறகு அவரே கூப்பிட்டு, "நீங்களே வச்சுக்குங்க, இங்க துரு பிடிச்சுப் போவுது" என்றார். நான் கேட்டு வாங்கினேன். நீ கேட்காமல் எடுத்தாய். வித்தியாசம் 0.2 மில்லிமீட்டரை விடப் பெரியது.

நீ அளந்தாய். நானும் அளந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் லிஃப்ட் கம்பெனி கொடுத்த இங்கிலீஷ் புத்தகங்களை அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்துத் தொழில் கற்றவன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அதனால் யார் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளும் பழக்கமும் இல்லை.

உன் ரேசரின் பிளேடு நீளம். அந்த அகலத் தலை மூக்குக்குக் கீழே நுழையாது. உன் அக்கா என் மூக்கைப் பிடித்து மேலே தூக்குகிறாள், நான் பால் குடிக்கிற கன்றுக்குட்டி போல அண்ணாந்திருக்கிறேன். பழையதில் பிளேடு சின்னது, முதுகில் ஒரு தடித்த பட்டை, பிடித்து உள்ளே தள்ளினால் நழுவாது. கைப்பிடியின் அடியைத் திருகினால் தலை மூடி போலத் திறக்கும், இன்னொரு திருகில் மூடும். உன்னுடையதில் மூன்று துண்டு. கழற்றி, மெல்லிய பிளேடை இரண்டு ஊசிமுனையில் பொருத்தி, மறுபடி மூட வேண்டும். உன் அக்கா பிளேடு மாற்றும்போது தடவித் தடவித் தேடுகிறாள். போன வாரம் பிளேடு குழாய்க்கடியில் விழுந்துவிட்டது, நான்தான் எடுத்தேன்.

பழையதைக் கன்னத்தோடு படுக்க வைத்துப் பிடிக்க வேண்டும், உண்மைதான், பழகாதவனுக்கு வெட்டும். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. அது பேசும். அதன் மெல்லிய பித்தளைத் தலை, முடி இருக்கிற இடத்தில் கரகரவென்று ஒரு சத்தம் போடும். மழித்த இடத்தில் போனால் அந்தச் சத்தம் நின்றுவிடும். லிஃப்டில் பேரிங் போகப் போகிறதென்றால் மேல்மாடியிலிருந்து கேட்டே சொல்லிவிடுவேன். அதே மாதிரி இந்த ரேசரில் எங்கே முடிந்தது, எங்கே பாக்கி என்று கேட்டே தெரிந்துகொள்ளலாம். உன்னுடையது ஊமை. இரும்புக் கட்டி, சத்தமே போடாது. நான் காது மெஷினை நுரை படக்கூடாது என்று முதலிலேயே கழற்றி வைத்துவிடுகிறேன், அதனால் இப்போது எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனாலும் ஒரு கருவி தான் என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும் என்பது என் கொள்கை. அதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இருபத்தோராம் தேதி இரண்டாவது வெட்டு. காதுக்குக் கீழே. மழித்த இடத்திலேயே மூன்று தடவை ஓட்டி, நான்காவது தடவையில் தோலை எடுத்துவிட்டாள். பக்கத்திலேயே ஒரு விரல் அகலத்துக்கு முடி அப்படியே நின்றது. அவளுக்குக் கவனம் இல்லை. உன் கேள்விக்குப் பதில் அதுதான். உன் அக்காவுக்கு எதிலும் கவனம் இல்லாமல் போய்விட்டது. டீயில் இரண்டு தடவை சர்க்கரை போடுகிறாள். வாசலில் நிற்பது கேஸ்காரரா தபால்காரரா என்று என்னைக் கேட்கிறாள். முன்பெல்லாம் உன் கடிதம் வந்தால் எனக்கு முன்னால் பிரித்துவிடுவாள். இப்போது மேசையில் அப்படியே வைத்துவிட்டு, "படிச்சுச் சொல்லுங்க" என்கிறாள். ஷேவ் செய்யும்போது எல்லாவற்றுக்கும் எரிச்சல். ஃபேனை நிறுத்து என்கிறாள். ரேடியோவை நிறுத்து என்கிறாள். குழாயில் சொட்டும் தண்ணீரைக் கூட இறுக்கி மூடச் சொல்கிறாள். நுரை காய்ந்துவிடும் என்பதற்காக இருக்கும் என்று நானும் நிறுத்தினேன். இந்த ரேசர் வந்த பிறகு அதற்கு மேலும் ஆகிவிட்டது. ரேசரையும் என் முகத்தையும் மாறி மாறித் தொட்டுப் பார்க்கிறாள்.

இரண்டாவது வெட்டுக்குப் பிறகு, "இனிமே என்னால முடியாது. தாடி விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். ஐந்து நாள் ஆகிவிட்டது. தாடையில் இரண்டு கட்டி வந்தாயிற்று. நான் அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. தினமும் காலையில் அந்தக் கால் மணி நேரம்தான் நாங்கள் சண்டை இல்லாமல் எதிரெதிரே இருப்பது. நீ அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

எனக்கு அலுத்துவிட்டது. ரேசரை அனுப்பு.

அத்தான்


மார்ச் 5

அத்தானுக்கு,

இந்தப் பெட்டியில் ரேசர் இருக்கிறது. பஞ்சு சுற்றியிருக்கிறேன். இடது முட்டின் தேய்மானத்தை நான் சரி செய்யவில்லை, எதையும் தொடவில்லை. ஏன் என்று படித்தால் தெரியும்.

இந்தக் கடிதத்தை நீங்கள் மேசையிலேயே வைத்துவிட்டுப் போகலாம். அக்கா படித்துவிடுவாள் என்ற பயம் எனக்கு இல்லை. அவளால் படிக்க முடியாது.

வாக்குக் கொடுத்திருந்தேன், அதை இப்போது உடைக்கிறேன். ஜனவரியில் என் மகள் பிரசவத்துக்கு அக்கா இரண்டு நாள் இங்கே வந்திருந்தாளே, அப்போது மாடிப்படியில் கடைசிப் படி தெரியாமல் விழுந்தாள். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றாள். கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறதாம். இடது கண்ணில் கைவிரலை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் எண்ணுகிறாள். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், இத்தனை நாள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். பிப்ரவரி முதல் வாரத்தில் தேதி கொடுத்தார். அக்கா வெளியே வந்ததும் சீட்டைக் கிழித்துப் போட்டாள்.

"ஒரு மாசம் குனியக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாதுன்னா அவரை யாருடா பாத்துக்கறது? அந்த மனுஷன் இன்னொருத்தர் கையால தண்ணிகூட வாங்க மாட்டாரு" என்றாள். பிறகு ரயிலடியில் சொன்னாள்: "எனக்கு ஒண்ணு மட்டும் பண்ணிக் கொடு. கண்ணு தெரியாதவ பிடிச்சாலும் வெட்டாத ரேசர் ஒண்ணு வாங்கிக் கொடு. அவரு முகத்துல என் கையால ரத்தம் வரக் கூடாது."

நான் பெரிய அளவுக்காரன் அல்லவா. மூன்று ரேசர் வாங்கி மைக்ரோமீட்டரில் அளந்து, இருப்பதிலேயே சாதுவானதைத் தேர்ந்தெடுத்தேன். பழையதை அங்கேயே விட்டு வந்தால் நீங்கள் அதையே நீட்டுவீர்கள் என்று எடுத்து வந்தேன். கண்ணுக்கு வைத்தியம் பார்க்க வேண்டிய இடத்தில் ரேசரை மாற்றினோம். அக்காவும் நானும் சேர்ந்து செய்த முட்டாள்தனம் இது.

உங்கள் கடிதத்தில் பழைய ரேசர் பேசும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு நீங்கள் வாக்கிங் போகும் நேரம் பார்த்து அக்காவுக்குப் போன் செய்தேன். அழுதாள். "புதுசு பேசவே மாட்டேங்குதுடா. பழசுன்னா காதுலயே கேட்டு ஓட்டிடுவேன். கரகரன்னா முடி, சத்தம் நின்னா முடிஞ்சுது. இதுல எங்க முடிஞ்சுதுன்னே தெரியல. அதான் மேலயே மேலயே போட்டுட்டேன்" என்றாள். வாங்கிக் கொடுத்தவன் நான் என்பதால் என்னிடம் குறை சொல்லவும் மனசு வரவில்லையாம்.

ஃபேனையும் ரேடியோவையும் ஏன் நிறுத்தச் சொன்னாள் என்று இனி நான் எழுத வேண்டியதில்லை.

என் மேல் கோபப்படுங்கள். அவளிடம் வேண்டாம். உங்களிடம் சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டதற்கு அவள் சொன்னது இது: "சொன்னா முகத்தைக் காட்ட மாட்டாரு."

சின்னவன்


மார்ச் 14

மாப்பிள்ளைக்கு,

ரேசர் வந்தது. கடிதத்தைப் படித்தேன். மேசையில் வைத்தேன். அவள் அதைத் தாண்டி நான்கு தடவை போனாள். தொடவில்லை.

கோபமில்லாமல் எழுத முயற்சி செய்கிறேன், அது எனக்குப் பழக்கமில்லை. முதலில், என்னிடம் மறைத்தது தப்பு. கண் போகிற விஷயத்தில் வாக்கு, சத்தியம் என்று எதுவும் கிடையாது. அதை எழுதி வைத்துவிட்டு மேலே போகிறேன்.

அன்றைக்கே ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை பழைய ரேசரில் பிளேடைப் போட்டு, வெந்நீர் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். கை பட்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "வந்துடுச்சா" என்றாள். நான் வழக்கம் போல முக்காலியில் உட்கார்ந்தேன். ஃபேனை நானே நிறுத்தினேன். காது மெஷினில் ஒன்றை மட்டும் கழற்றாமல் விட்டேன். அவள் இடது பக்கம் நுரை போடும்போது வலது காதில் மெஷின் இருந்தது.

சத்தம் கேட்டது. எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. கன்னத்தில் ஒரு கோடு, நின்றது. அடுத்த கோடு, நின்றது. நான் தலையைத் தாழ்த்தி அவளைப் பார்த்தேன். மாப்பிள்ளை, அவள் கண்ணை மூடிக்கொண்டு ஷேவ் செய்கிறாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து, உதட்டை உள்ளே மடித்து, கண்ணை மூடிக்கொண்டு. ஒன்றரை வருடமாக நான் அந்த முக்காலியில் தலையை அண்ணாந்து உட்கார்ந்து கூரையில் இருக்கும் விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு தடவையாவது தலையைக் குனிந்து அவள் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"எத்தனை நாளா இப்படி?" என்றேன்.

கை நின்றது. "பேசாதீங்க. வெட்டிடும்" என்றாள்.

"எத்தனை நாளா?"

"போன மழைக்கு முன்னாடியிலிருந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா சலூனுக்குப் போயிடுவீங்க."

அவள் சொல்வது சரி. போயிருப்பேன். தெருமுனை சலூன்காரரோடு எனக்குப் பேச்சு இல்லை என்றாலும், கண் தெரியாதவளிடம் கழுத்தைக் கொடுத்திருக்க மாட்டேன். மீதியையும் அவள் கேட்டுக் கேட்டே முடித்தாள். ஒரு கீறல் கிடையாது. துடைத்துவிட்டு, "உன் தம்பி எல்லாம் எழுதிட்டான். ஆபரேஷனுக்குப் போறோம்" என்றேன்.

"ஒரு மாசம் உங்கள யாரு பாத்துக்கறது?"

"இத்தனை நாள் நீ பாத்துட்டா இருந்த?"

அவள் சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் வேறு மாதிரி இருந்தாள். அதை நான் எழுதவில்லை. வேண்டாம் என்று சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் விடவில்லை. நான் விடமாட்டேன் என்பது அவளுக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இந்தக் குணத்தை நீங்கள் இரண்டு பேரும் குறை சொல்லாத முதல் நாள் அது.

எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது. அதனால் சுருக்கமாக, யார் என்ன செய்ய வேண்டும் என்று கீழே எழுதுகிறேன். மாற்றம் ஏதும் சொல்லாதே.

ஆஸ்பத்திரி: உன் ஊரில் வேண்டாம், இங்கேயே. நேற்று நானே போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன். இருபத்தைந்தாம் தேதி காலை ஏழு மணிக்கு வலது கண். ஒரு மாதம் கழித்து இடது கண். ஜனவரியில் எடுத்த பரிசோதனைக் காகிதங்கள் உன்னிடம்தான் இருக்கும், அவள் கிழித்தது தேதிச் சீட்டு மட்டும்தானே. அவற்றை நீ கொண்டு வர வேண்டும்.

வருவது: இருபத்து மூன்றாம் தேதி நீ இங்கே இருக்க வேண்டும். ஒரு வாரம் லீவு போட வேண்டும். உன் தொழிற்சாலையில் ஒரு வாரம் அளக்காமல் விட்டால் பம்புகள் ஓடாமல் போய்விடாது.

டாக்டரிடம் பேசுவது: நீ. அவர் மெதுவாகப் பேசுகிறார், எனக்குப் பாதி கேட்கவில்லை. அவர் சொல்வதை அப்படியே எழுதிக் கொடு. சுருக்கிக் கொடுக்காதே.

இந்த வீட்டு மாடிப்படி: ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வெள்ளை பெயின்ட் அடிப்பது, நான். குனிந்து செய்கிற வேலை, தோள் தடுக்காது. நாளைக்கே தொடங்குகிறேன்.

சமையல்: நீ இருக்கும் வாரம் நீ. பிறகு நான். மேல்தட்டில் இருக்கும் டப்பாக்களை எல்லாம் கீழே இறக்கி வைத்துவிட்டுப் போவது, நீ.

எனக்கு ஷேவ்: அந்த ஒரு வாரம் நீ செய்துவிட வேண்டும், உன் புது ரேசரால். கண் தெரிகிறவன் கைக்கு அது நல்ல ரேசராகவே இருக்கலாம், அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். நீ போன பிறகு அவள் கண் ஆறும் வரைக்கும் தாடி இருக்கும். கட்டி வந்தால் வரட்டும். அதைப் பற்றி அவளிடம் ஒருவரும் பேசக் கூடாது.

ஓய்வு: அவள். குனியக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது. மீறினால் உடனே எனக்குச் சொல்வது, நீ.

சொட்டு மருந்து: தினமும் நான்கு வேளை, ஒரு மாதம். நர்ஸ் போடலாம், நீ போடலாம் என்று எதுவும் வேண்டாம். அவள் கட்டிலில் படுத்துக்கொண்டால் என் கை உயர வேண்டியதில்லை. வெறும் தண்ணீரை ஒரு சொட்டுக் குப்பியில் ஊற்றி, தலையணை மேல் ஒரு பொத்தானை வைத்து, மூன்று நாளாகப் பழகிவருகிறேன். இன்று பத்துக்கு ஒன்பது பொத்தானில் விழுந்தது. சொட்டு மருந்து போடுவது, நான்.

அத்தான்